அந்தலூசியா சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தலூசியா எங்கே இருக்கிறது? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

ஸ்பெயினின் தெற்கு விளிம்பு முழுவதும் அந்தலூசியாதான். செவில், கிரனாடா, கோர்தோபா, மலாகா, காதிஸ், உவெல்வா, ஹாயென், அல்மெரியா என்று எட்டு மாகாணங்கள், தலைநகர் செவில். ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் அட்லாண்டிக். இரண்டும் சேரும் தரிஃபா முனையில் நின்றால் 14 கி.மீ. தண்ணீருக்கு அப்பால் ஆப்பிரிக்கா தெரியும்.

கி.பி. 711இல் அந்த நீரிணையைத் தாண்டி வந்த முஸ்லிம் ஆட்சி, பகுதி பகுதியாகச் சுருங்கி, 1492இல் கிரனாடாவில் முடிந்தது. பள்ளிவாசலுக்குள் தேவாலயம், மினாரின் உச்சியில் தேவாலய மணி, கிறிஸ்தவ அரசனின் மாளிகைச் சுவரில் அரபு எழுத்து என்று நீங்கள் பார்க்கப்போகிற எல்லாவற்றிலும் அந்த வரலாறு இருக்கிறது. இவற்றோடு கடற்கரைகள், பனிமலை, ஒரு பாலைவனம், பூநாரைகள் வரும் சதுப்பு நிலம் எல்லாம் ஒரே மாநிலத்துக்குள். பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் நாட்களைக் கொடுத்துவிட்டு, மீந்த இரண்டு நாளை இதற்கு ஒதுக்குகிற பயணத் திட்டங்கள்தான் சந்தையில் அதிகம். அதைத் தலைகீழாக்கச் சொல்வேன். முதல் முறை ஸ்பெயின் போகிறவர்களும் நேராகத் தெற்கே இறங்கலாம்.

எந்த மாதம் போவது நல்லது?

மார்ச் பாதியிலிருந்து மே முடிய, அல்லது அக்டோபர், நவம்பர். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே என்பது நமக்குக் கிடைத்த வசதி. மார்ச், ஏப்ரலில் செவில் தெருக்களில் ஆரஞ்சு மரங்கள் பூத்து ஊரே மணக்கும். மே முதல் பாதியில் கோர்தோபாவில் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் நிறைத்து எல்லோருக்கும் திறந்துவிடும் முற்றத் திருவிழா நடக்கிறது. 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த விழா அது.

ஜூலை, ஆகஸ்டில் செவிலும் கோர்தோபாவும் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். "சென்னை வெயிலைப் பார்க்காததா?" என்று கேட்பார்கள். அது உலர்ந்த வெயில், வியர்வையே தெரியாமல் உடம்பின் நீரை இழுத்துவிடும். மாலை ஏழு மணிக்கும் சுடும், ஏனென்றால் அங்கே கோடையில் இருட்டவே ஒன்பதரை மணிக்கு மேல் ஆகிறது. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் மலாகா, காதிஸ் போன்ற கடலோர ஊர்களில் தங்கி, உள்நாட்டு நகரங்களை அதிகாலையில் பாருங்கள்.

புனித வாரத்தில் போகலாமா?

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அது. கூம்பு வடிவ முகமூடி அணிந்தவர்கள் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வர, பின்னால் கிறிஸ்து, மரியாள் சிலைகளைச் சுமந்த கனமான மரமேடைகள் அசைந்து வரும். அந்த முகமூடியைப் பார்த்து அமெரிக்காவின் கூ கிளக்ஸ் கிளான் இனவெறிக் கும்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாவப் பரிகாரம் செய்பவர் தன் முகத்தை மறைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் அது. மேடையைச் சுமப்பவர்கள் அடியில் திரைக்குள் இருப்பதால் சிலை தானே நடப்பதுபோல இருக்கும். செவிலில் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய இரவு முழுவதும் ஊர்வலம் உண்டு. பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் விடுதி வாடகை பல மடங்கு ஏறும், தெருக்களை அடைத்துவிடுவார்கள், முக்கிய இடங்கள் சிலவற்றின் நேரமும் மாறும். ஊர்வலத்துக்காகவே போகிறீர்கள் என்றால் போங்கள். அரண்மனைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

ஈஸ்டர் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில் செவிலின் ஏப்ரல் திருவிழா வரும். மடிப்பு மடிப்பான உடைகள், குதிரை வண்டிகள், வரிசை வரிசையாகக் கூடாரங்கள். பெரும்பாலான கூடாரங்கள் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமானவை; அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. வெளியே நின்று வேடிக்கை பார்க்கவே ஒரு மாலை போதாது.

எத்தனை நாள் வேண்டும்? எப்படிச் சுற்றுவது?

பத்து நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். ஏழு நாளில் செவில், கோர்தோபா, கிரனாடா மூன்றையும் முடிக்கலாம். அதற்கும் குறைவென்றால் இரண்டு ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரங்கள் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ மாட்ரிட் போய், அங்கிருந்து 'ஆவே' அதிவேக ரயிலில் கோர்தோபாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மாட்ரிட்டையும் செவிலையும் இணைக்க 1992இல் தொடங்கிய இந்தத் தடம்தான் ஸ்பெயினின் முதல் அதிவேகப் பாதை. கோர்தோபாவிலிருந்து செவில் முக்கால் மணி நேரம். செவிலிலிருந்து ரோந்தா வழியாக மலாகா, பிறகு கிரனாடா, அங்கிருந்து ரயிலில் மாட்ரிட் திரும்பினால் ஒரு வட்டம் முடியும். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. ரயில் இல்லாத இடங்களுக்கு நல்ல பேருந்துகள் இருக்கின்றன. ரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்கும் கிடைக்கும்.

கோர்தோபாவை செவிலிலிருந்து ஒரே பகலில் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். அங்கே ஓர் இரவு தங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை. பகல்நேரக் கூட்டம் ரயிலேறிப் போன பிறகு, ரோமானியப் பாலத்தின் மேல் நடந்து ஆற்றின் மறுகரையிலிருந்து பழைய நகரத்தைப் பார்க்கக் கிடைப்பது தங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டைக்கு எப்போது சீட்டு எடுக்க வேண்டும்?

விமானச் சீட்டு எடுத்த அன்றே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு இருப்பதால், வசந்த காலத்தில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். உங்கள் பயணத்தின் மற்ற தேதிகளை இந்தச் சீட்டின் தேதியைச் சுற்றி அமைப்பதே சரி.

அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதல் விலை வைக்கும். சீட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், நுழையும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். சீட்டில் அச்சாகியிருக்கும் நேரம் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய வேண்டிய நேரம், வளாகத்தின் வாசலுக்கு வரவேண்டிய நேரம் அல்ல. வாசலிலிருந்து அரண்மனைக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் தனிச் சீட்டு வேண்டும்.

தீர்ந்துவிட்டதென்றால் இரவுநேரச் சீட்டையோ வழிகாட்டியோடு கூடிய குழுப் பயணத்தையோ பாருங்கள். ரத்தான சீட்டுகளும் அவ்வப்போது தளத்தில் திரும்ப வரும். எதுவும் கிடைக்காவிட்டால் அரண்மனைகள் தவிர்த்து, கோட்டையையும் தோட்டங்களையும் பார்க்கத் தனிச் சீட்டு இருக்கிறது. மலைமேல் ஏறி வளாகத்தின் பொதுப் பகுதியில் நடப்பதற்கும் ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றத்தைப் பார்ப்பதற்கும் காசு கிடையாது.

உள்ளே எதைக் கவனித்துப் பார்ப்பது?

முதலில் தண்ணீரை. 1238இல் நஸ்ரித் வம்சத்து அரசன் முதலாம் முகம்மது இந்தக் குன்றின்மேல் கட்டத் தொடங்கியபோது செய்த முக்கியமான வேலை, தாரோ ஆற்றைச் சில கி.மீ. மேலேயே மறித்து, வாய்க்கால் வெட்டி, குன்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. பம்பு எதுவும் இல்லாமல், சரிவின் விசையாலேயே அத்தனை நீரூற்றுகளும் ஓடின. மிர்ட்டில் செடிகள் சூழ்ந்த முற்றத்தில் குளத்து நீர் அசையாமல் நின்று கோபுரத்தைப் பிரதிபலிக்கும். ஐந்தாம் முகம்மது காலத்துச் சிங்க முற்றத்தில் 12 பளிங்குச் சிங்கங்களின் வாயிலிருந்து நீர் ஓடும். ஹெனரலிஃபே தோட்டத்தில் ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவரே வாய்க்கால். இறங்கும்போது கையை நனைத்துக்கொண்டே வரலாம்.

அடுத்து, சுவர்கள். அலங்காரம்போலத் தெரிவதில் பெரும்பகுதி எழுத்து. "இறைவனைத் தவிர வெல்பவர் இல்லை" என்ற நஸ்ரித் வம்சத்தின் வாசகம் எண்ணற்ற முறை வரும். இபின் சம்ராக் என்ற அமைச்சரின் கவிதைகள் நீரூற்றின் விளிம்பிலும் சுவரிலும் செதுக்கப்பட்டுள்ளன. கட்டடமே "நான்" என்று தன்னைப் பற்றிப் பேசும் கவிதைகளும் அவற்றில் உண்டு. பிறகு தலையை நிமிர்த்துங்கள். தூதர்கள் மண்டபத்தின் கூரை, ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைக் கோத்து ஏழு வானங்களைக் காட்டுவது.

மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே வந்ததும் எதிர்க்குன்றான அல்பைசினுக்குப் போய், சான் நிகோலாஸ் முற்றத்திலிருந்து மாலை வெளிச்சத்தில் அல்ஹம்ப்ராவைப் பாருங்கள். பின்னால் சியேரா நெவாடா பனிமலை நிற்கும்.

கோர்தோபாவின் பெரிய கட்டடமான மெஸ்கீத்தா பள்ளிவாசலா, தேவாலயமா? முஸ்லிம்கள் தொழலாமா?

இன்று அது கத்தோலிக்கப் பேராலயம். உள்ளே முஸ்லிம் தொழுகைக்கு அனுமதி இல்லை. பார்வையாளராகச் செல்லத் தடையில்லை. தொழுகைக்கு வேறு இடம் தேட வேண்டும். கிரனாடா போகிறவர்களுக்கு அல்பைசினில் 2003இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது, அதன் தோட்டத்திலிருந்து அல்ஹம்ப்ரா நன்றாகத் தெரியும்.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கி, அடுத்த இருநூறு ஆண்டுகளில் மும்முறை பெரிதாக்கப்பட்ட கட்டடம் இது. 850க்கு மேற்பட்ட தூண்கள். முதல் கட்டத்தில் முன்பு ஆண்ட ரோமானியர்கள், விசிகோத்தியர்களின் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்களையே பயன்படுத்தினார்கள். அவை குட்டையாக இருந்ததால், கூரையை உயர்த்த ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வரும் அந்த இரட்டை வளைவுகள்தான் இன்று உலகம் அறிந்த முகம். நடந்துகொண்டே கவனித்தால், ஆட்சியாளர் அல்மன்சூர் கடைசியாகச் சேர்த்த பகுதியில் செங்கல் இல்லை, வெறும் சிவப்பு வண்ணம்தான் என்பது தெரியும். தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபின் தங்க மொசைக்கைச் செய்ய பைசாந்தியப் பேரரசரிடமிருந்து கலைஞர் வந்தார்.

1236இல் நகரம் கிறிஸ்தவர்கள் கைக்குப் போனது. 16ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே ஒரு முழுப் பேராலயத்தை எழுப்பினார்கள். பலர் அதைப் பார்த்து வருந்துவார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் இடிக்காமல் நடுவில் கட்டியதால்தான் மிச்சமுள்ள தூண்கள் நமக்குக் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செவிலில் எதை விடக் கூடாது?

அல்காசர் அரண்மனை. 1360களில் முதலாம் பேத்ரோ என்ற கிறிஸ்தவ அரசன், கிரனாடா முஸ்லிம் அரசு அனுப்பிய கைவினைஞர்களையும் வைத்துக் கட்டிக்கொண்ட மாளிகை. இதற்கும் முன்பதிவு தேவை; காலை முதல் நேரத்தை எடுங்கள்.

பக்கத்திலேயே பேராலயம். அதன் ஹிரால்தா கோபுரம் 12ஆம் நூற்றாண்டு மினார். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் 35 சரிவுப் பாதைகள், குதிரையிலேயே ஏறுவதற்காகக் கட்டியவை. முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். உச்சியில் மட்டும் சில படிகள். 1929 கண்காட்சிக்காக எழுப்பிய பிளாசா தெ எஸ்பான்யாவுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஸ்பானிய மாகாணத்துக்கும் வண்ண ஓடு பதித்த ஓர் இருக்கை இருக்கும். இரவில் ஆற்றைத் தாண்டி த்ரியானா பக்கம் போங்கள்.

ஃபிளமெங்கோ ஆடல்பாடல் நிகழ்ச்சி எங்கே பார்ப்பது? அதற்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

தொடர்பு மனிதர்கள் வழியாக. ஃபிளமெங்கோவை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ஸ்பானிய ரோமா மக்கள். அவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதிசெய்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வந்தார்கள். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் ஒடுக்கப்பட்டார்கள். கதக்கிலிருந்து நேராக ஃபிளமெங்கோ பிறந்தது என்பது மிகை. அரபு, யூத, அந்தலூசிய நாட்டுப்புற இசை எல்லாம் கலந்து அங்கேயே உருவான கலை அது.

தாளம் எண்ணத் தெரிந்தவர்களுக்கு அதில் பெரிய விருந்து காத்திருக்கிறது. சொலெயா, புலெரியா போன்ற வகைகள் 12 எண்ணிக்கையில் சுழலும். அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று மடியில் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். கைதட்டுபவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் எப்படி இடறாமல் விளையாடுகிறார்கள் என்பது புரியும்.

சாப்பாட்டோடு நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளைவிட, ஐம்பது அறுபது பேர் மட்டும் உட்காரும் சிறு அரங்குகளை எடுங்கள். செவிலில் அப்படிப் பல இருக்கின்றன. கிரனாடாவின் சாக்ரோமோந்தே குகை வீடுகளிலும் நிகழ்ச்சி நடக்கும். சுற்றுலாப் பயணிகள் குறைவாகவும் ரசிகர்கள் அதிகமாகவும் உள்ள இடம் வேண்டுமென்றால் ஹெரேஸ் நகரின் 'பேன்யா' எனப்படும் ரசிகர் மன்றங்கள். ஆடுபவரை மட்டும் பார்க்காமல் பாடுபவரையும் கேளுங்கள். இந்தக் கலையின் உயிர் பாட்டில்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் விசாரிக்காமல் சாப்பிட வேண்டாம். காய்கறி என்று பட்டியலில் போட்ட சாண்ட்விச்சில் சூரை மீன் இருக்கலாம். கீரை, பீன்ஸ், சூப் எதிலும் பன்றித்தொடை இறைச்சியைத் தூவிவிடுவார்கள். "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" (இறைச்சி, பன்றித்தொடை, மீன் எதுவும் வேண்டாம்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நம்பிக் கேட்கக்கூடியவை: தக்காளியில் செய்யும் குளிர்ந்த கஸ்பாச்சோ சூப், பாதாமும் பூண்டும் அரைத்து திராட்சையோடு தரும் அஹோபிளாங்கோ, கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றித் தருவது, செவிலின் கீரையும் கொண்டைக்கடலையும். அந்தக் கடைசி உணவில் சீரகம் மணக்கும், நாக்குக்கு உடனே பழகிவிடும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்குத் தோர்த்தியா (தடித்த ஆம்லெட்) எல்லா இடத்திலும் உண்டு. கோர்தோபாவின் கெட்டியான குளிர்ந்த தக்காளி சூப்பான சல்மொரேஹோவுக்கு மேலே இறைச்சி தூவாமல் தரச் சொல்லுங்கள். கிரனாடாவில் குடிக்க எது வாங்கினாலும், பழரசம் ஆனாலும், கூடவே ஒரு தட்டு தின்பண்டம் இலவசமாக வரும் வழக்கம் பல கடைகளில் உள்ளது.

மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் இடைப்பட்ட நேரத்துக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

ரோந்தாவும் கமினீத்தோ தெல் ரெய் பாதையும் போகத் தகுந்தவையா?

ரோந்தா கட்டாயம். ஊரை இரண்டாகப் பிளக்கும் பள்ளத்தாக்கின் மேல் 1793இல் முடித்த பாலம் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், பாதை வழியே கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள். கார் இருந்தால் அருகிலுள்ள செத்தெனீலுக்கும் போகலாம். அங்கே பாறை விளிம்பே வீடுகளுக்குக் கூரை.

கமினீத்தோ, மலாகா மாகாணத்தில் செங்குத்துப் பாறைச் சுவரில் ஆற்றுக்கு நூறு மீட்டர் மேலே பதித்த நடைபாதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. பாழடைந்து உயிர்களைக் குடித்ததால் மூடப்பட்டு, 2015இல் புதிதாகத் திறக்கப்பட்டது. இன்று தலைக்கவசம், கைப்பிடிக் கம்பி, நேரச் சீட்டு எல்லாம் உண்டு, பாதுகாப்பானது. எட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்கள் போகாதீர்கள்.

கடற்கரைக்கு எங்கே?

மலாகா பக்கத்துக் கடற்கரை எளிதாகப் போக வசதியானது, ஆனால் கட்டடங்கள் நெருக்கம். அல்மெரியாவின் காபோ தெ காத்தா பாதுகாக்கப்பட்ட கரை, எரிமலைப் பாறைகளும் வெறிச்சோடிய மணலும். என் விருப்பம் காதிஸ். ஃபினீசியர்கள் நிறுவிய, மேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று; மூன்று பக்கமும் கடல்; பழைய நகருக்குள்ளேயே லா கலேத்தா கடற்கரை. தரிஃபாவில் காற்று ஓயாது. காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குபவர்களுக்கு அது சொர்க்கம், மணலில் படுத்திருக்க நினைப்பவர்களுக்குத் தொல்லை.

பூநாரைகளைப் பார்க்க முடியுமா?

உவெல்வா பக்கமுள்ள தொன்யானா தேசியப் பூங்காவில் வசந்த காலத்தில் பார்க்கலாம், சதுப்பில் தண்ணீர் இருந்தால். வறட்சியாலும், சுற்றியுள்ள பண்ணைகள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதாலும் அந்தச் சதுப்பு வறண்டு வருகிறது. போவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அனுமதி பெற்ற வாகனப் பயணத்தில் மட்டும் போங்கள்.

காளைச் சண்டை பார்க்கலாமா? ஜல்லிக்கட்டு மாதிரிதானே?

மாதிரி இல்லை. ஜல்லிக்கட்டில் காளை வீடு திரும்பும். அங்கே ஈட்டியும் கொக்கிகளும் குத்தி, கடைசியில் வாளால் கொல்வதுதான் நிகழ்ச்சியே. ஸ்பெயினிலேயே எதிர்ப்பு வலுவாக இருக்கிறது. நான் யாரையும் அதற்கு அனுப்பமாட்டேன். 1785இல் திறந்த ரோந்தா அரங்கைச் சண்டை இல்லாத நாளில் கட்டடமாகவும் அருங்காட்சியகமாகவும் பாருங்கள்.

வயதான அம்மா அப்பாவோடு போகலாமா?

தாராளமாக. செவிலும் கோர்தோபாவும் மலாகாவின் மையமும் சமதளம். கிரனாடாதான் ஏற்றம், கூழாங்கல் பதித்த தெருக்கள். மெல்லிய செருப்பு உதவாது. அல்பைசினுக்கும் அல்ஹம்ப்ராவுக்கும் சிறிய நகரப் பேருந்துகள் ஏறுகின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். மதியம் கடைகள் அடைக்கும் இரண்டு முதல் ஐந்து மணி வரை நீங்களும் அறைக்குத் திரும்பிப் படுத்து எழுவது நல்லது.

விசா? பக்கத்திலிருக்கும் மொராக்கோவையும் பார்த்துவிடலாமா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். நேர்காணல் தேதி கிடைப்பதுதான் தாமதமாகும், கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஜனவரியிலேயே முயலுங்கள்.

தரிஃபாவிலிருந்து டாஞ்சியருக்குப் படகில் ஒரு மணி நேரம்தான். ஆனால் படகேறும்போது நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறுகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா வைத்திருந்தால் திரும்ப ஸ்பெயினுக்குள் வர முடியாது. மொராக்கோவுக்குத் தனி விசாவும் தேவை. துறைமுகத்தில் விற்கும் ஒருநாள் பயணச் சீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவதற்கு முன், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் எத்தனை நுழைவு என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

திருட்டு பயம் உண்டா?

வன்முறை அரிது, ஜேப்படி உண்டு. ரயில் நிலையத்திலும் ஊர்வலக் கூட்டத்திலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். கிரனாடா, செவில் பேராலயங்களுக்கு வெளியே சில பெண்கள் ரோஸ்மேரி இலைக்கொத்தைக் கையில் திணித்துக் கைரேகை பார்ப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பார்கள். கொத்தை வாங்காமல் "நோ, கிராசியாஸ்" என்று சொல்லி நடந்துவிடுங்கள்.